காடியில் மிஞ்சும் தட்டை

விடியற்காலையில் தொழுவத்துக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது தீவனத் தொட்டியான காடியைத்தான். மாடு பிறகு. இரவு போட்ட தீவனத்தில் எது மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டால் அன்றைய பால் கணக்கு பாதி தெரிந்துவிடும். இலை மிஞ்சாது. கொழுந்துத் தண்டும் மிஞ்சாது. அடித்தட்டை மட்டும் விரல் நீளத் துண்டுகளாக, எச்சில் காய்ந்து, ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். தட்டை வெட்டும் இயந்திரத்தில் கொடுத்துப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் நாக்கால் துழாவித் துழாவி அதைப் பிரித்துவிடுகிறது மாடு. பசியோடு நிற்கும் மாடு ஒன்றை ஒதுக்குகிறது என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

காரணத்துக்குப் பெயர் லிக்னின்.

நான் வளர்ந்த இடத்தில் லிக்னினுக்குப் பஞ்சமே கிடையாது. செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் இருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். அப்பா முப்பத்தெட்டு ஆண்டுகள் அங்கே ஒரு பெரிய வீட்டின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தவர். வீட்டுக்காரர்கள் முன்னோருக்கான படைப்புக்கும், எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கும் வருவார்கள். மீதி நாளெல்லாம் அந்த வீட்டில் நாங்களும் வௌவால்களும்தான். முகப்பில் வரிசையாக நிற்கும் பர்மா தேக்குத் தூண்களைக் கட்டிப்பிடித்து, விரல் நுனிகள் எட்டுகின்றனவா என்று பார்ப்பது எங்கள் விளையாட்டு. ஆண்டுக்கு ஆண்டு கை நீண்டது. தூண் அப்படியே இருந்தது. நூறு ஆண்டுகளாகக் கூரையைத் தாங்கி நிற்கும் மரத்தில், எடைக்குக் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை லிக்னின் இருக்கும். செடியின் உடலைக் கட்டும் செல்லுலோஸ் என்ற நார் செங்கல் என்றால், சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சாந்து மாதிரி அதன் இடுக்குகளில் புகுந்து இறுகிக்கொள்வது லிக்னின். தேக்கைக் கரையான் தொடாததற்கும் லிக்னின்தான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. முருங்கை மரத்திலும் லிக்னின் இருக்கிறது, கரையான் விடுகிறதா? தேக்கில் ஊறியிருக்கும் வேறு சில வேதிப்பொருள்கள் செய்யும் வேலை அது.

புல்லில் அவ்வளவு லிக்னின் இல்லை. ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்று காற்றைத் தாங்கவும், வேரில் இருந்து தண்ணீரை நுனி இலைவரை ஏற்றும் குழாய்கள் உறிஞ்சும் வேகத்தில் ஒட்டிப்போகாமல் இருக்கவும் அதற்கும் லிக்னின் வேண்டும். புல் முற்ற முற்ற லிக்னின் கூடும். கூடக்கூட, உள்ளே இருக்கும் செல்லுலோஸை எட்ட மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளால் முடியாது. லிக்னினைச் சரிவர உடைக்கத் தெரிந்தவை பூஞ்சைகள்தாம். அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மாட்டின் பெருவயிற்றிலோ காற்றே கிடையாது. வைக்கோலில் சிப்பிக்காளான் செழிப்பாக முளைக்கிறதே, அந்தக் காளான் தின்று தீர்ப்பதில் லிக்னினும் சேர்த்தி. மழை பெய்த மறுநாள் புற்றடியில் பறிக்கிறோமே, அந்தக் காளான் கரையான்கள் புற்றுக்குள் தோட்டம் போட்டு வளர்ப்பது. தனக்குச் செரிக்காததைச் செரிக்கக் கரையான் வைத்திருக்கும் சமையல்காரர். மாட்டுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது படிப்பு. தாவர உயிர்த்தொழில்நுட்பம் படித்தேன். ஐந்து ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். சோளத்தண்டைத் தாளைவிட மெல்லியதாகச் சீவ வேண்டும். புளோரோகுளூசினால் கரைசலில் நனைக்க வேண்டும். மேலே ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் லிக்னின் இருக்கும் இடமெல்லாம் மருதாணி பிடித்த விரல்போலச் சிவந்திருக்கும். சில விநாடிகளில் ஏறும் அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்காகவே அந்த வேலையில் ஓராண்டு கூடுதலாக இருந்தேன் என்று சொன்னால் சம்பளக் கணக்குத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பிறகு அம்மா தவறிவிட்டார், அப்பாவைத் தனியே விட மனம் வரவில்லை, ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது மூன்று மாடுகள், சில வெள்ளாடுகள், அரை ஏக்கர் கம்பு நேப்பியர் தீவனப்புல், மழை பார்த்துக் கொஞ்சம் தீவனச் சோளம்.

செடி லிக்னினைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ பத்து நொதிகள் ஒன்றிடம் இருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றி, மூன்று வகை ஆல்கஹால்களாக்குகின்றன. அவை செல் சுவருக்குள் போய் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. அந்தப் பிணைப்பில் ஒழுங்கே கிடையாது. செல்லுலோஸ் அப்படியில்லை, ஒரே வகைப் பிணைப்பு மீண்டும் மீண்டும் வரும், ஒரே சாவியால் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். லிக்னின் எங்கள் பெரிய வீடு மாதிரி. அறைக்கு அறை வேறு பூட்டு. அப்பாவுக்கே சில நேரம் சாவி பிடிபடாது.

புல் வகைகளுக்கு மட்டும் இன்னொரு குறுக்குவழி உண்டு. ஃபீனைல்அலனினைப் போலவே டைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தில் இருந்தும் அவை லிக்னின் வேலையைத் தொடங்க முடியும். பிராக்கிபோடியம் என்ற சிறு புல்லில் லிக்னினில் ஏறத்தாழ பாதி டைரோசின் வழியே வருவதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சோளமும் புல் வகைதான், அதற்கு அதே டைரோசினில் இன்னொரு வேலையும் இருக்கிறது. இளம்பயிராக இருக்கும்போது அதைக் கொண்டு துரின் என்ற பொருளைச் செய்து வைத்துக்கொள்கிறது. ஆடோ மாடோ கடித்து மென்றதும் துரினில் இருந்து சயனைடு வெளிப்படும். இளமையில் நஞ்சு, முதுமையில் மரம். இரண்டுக்கும் முதல் ஒன்றே.

இதையும் நான் படித்திருந்தேன். படித்தது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. ஊருக்குத் திரும்பிய இரண்டாவது ஆண்டு, ஆவணியில் ஒரு மழை பெய்துவிட்டுப் பிறகு வானம் கையை விரித்துவிட்டது. அறுத்த சோளத்தின் அடிக்கட்டையில் இருந்து முழங்கால் உயரத்துக்குத் துளிர் வந்து, வெயிலில் வாடி நின்றது. ஊரே காய்ந்து கிடக்கும்போது அந்த ஒரு துண்டு பச்சையைப் பார்த்த ஆசையில் வெள்ளாடுகளை அவிழ்த்துவிட்டேன். கால் மணி நேரம் இருக்காது. ஒன்று மூச்சு வாங்கியபடி சாய்ந்தது, அடுத்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் இரண்டு போய்விட்டன. மூன்றாவதைத் தயோசல்பேட் ஊசி போட்டு அவர் பிழைக்கவைத்தார். அப்பா திட்டவில்லை. “பூக்காத சோளத்தில் ஆட்டை விடலாமா, ஆத்தா” என்று மட்டும் கேட்டார். எழுத்தறிவு மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர்.

ஆக, தீவனம் வளர்ப்பவர் கையில் இருப்பது சில நாள்கள்தான். அதற்கு முன்னால் நஞ்சு, அதற்குப் பின்னால் மரம். கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளத்தை விதைத்து அறுபத்தைந்து நாளில், பாதிப் பயிர் பூத்திருக்கும்போது முதல் அறுப்பு என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. கம்பு நேப்பியரில் சயனைடுப் பயம் இல்லை. ஆனால் எழுபத்தைந்து, எண்பது நாளில் முதல் அறுப்பு, பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. தவறினால் காடியில் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் புல் அறுக்கும் நாளைப் புல்லா முடிவு செய்கிறது? அறுக்க ஆள் கிடைக்கும் நாள் முடிவு செய்கிறது. ஊரில் திருவிழா என்றால் ஒரு வாரம் போயிற்று. நூறு நாள் வேலை நடந்தால் இன்னொரு வாரம். யாராவது இறந்துவிட்டால் கேட்கவே முடியாது. இந்த நாள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் லிக்னின் ஆராய்ச்சியைப் பற்றி இப்போதும் யோசிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது இந்தக் கோணமே எனக்குத் தோன்றியதில்லை.

லிக்னின் குறைந்த புல்லை முதலில் மனிதன் செய்யவில்லை. 1924இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்தில், மக்காச்சோளத்தில் ஒரு விசித்திரச் செடி கண்ணில் பட்டது. இலையின் நடுநரம்பு வழக்கம்போல வெள்ளையாக இல்லாமல் பழுப்பேறி இருந்தது. பழுப்பு நடுநரம்பு என்றே பெயர் வைத்தார்கள். இயற்கையாக ஏதோ ஒரு மரபணு பழுதாகி வந்த மாற்றம் அது. அந்தச் செடிகளில் லிக்னின் குறைவு என்பதும், மாடு அதை நன்றாகச் செரிக்கிறது என்பதும் பிறகு தெரியவந்தன. 1978இல் பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் சோள விதையை வேதிப்பொருளில் நனைத்து, வேண்டுமென்றே மரபணுக்களைத் தாறுமாறாகப் பழுதாக்கி, சோளத்திலும் அதே பழுப்பு நரம்பைக் கொண்டுவந்தார்கள். கம்பிலும் அப்படிப்பட்ட செடிகள் கிடைத்தன. நான் சீவிய தண்டுகளில் பாதி இந்தச் சோளத்தினுடையவை. அமிலச் சொட்டு விழுந்ததும் வரும் சிவப்பு இவற்றில் வேறு மாதிரி இருக்கும். பழகிய கண்ணுக்குப் பெயர்ச்சீட்டுத் தேவையில்லை.

பழுதான மரபணுக்கள் எவை என்பது பின்னால் துலங்கியது. மேலே சொன்ன கைமாற்றும் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்கும் இரண்டு நொதிகளுக்கானவை அவற்றில் முக்கியமானவை. ஒன்றின் சுருக்கப் பெயர் சிஓஎம்டி, இன்னொன்று சிஏடி. இயற்கையே காட்டிக்கொடுத்துவிட்டது. எந்தக் கண்ணியை அறுத்தால் செடி சாகாமல் லிக்னின் மட்டும் குறையும் என்று தெரிந்த பிறகு, மரபணு மாற்றக்காரர்கள் மற்றப் புற்களுக்குப் போனார்கள்.

அதற்கு அரசியலும் ஒரு தள்ளு தள்ளியது. 2006 ஜனவரி 31 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அதிபர் ஜார்ஜ் புஷ், மக்காச்சோளத்தில் இருந்து மட்டுமல்லாமல் மரச்சீவலில் இருந்தும், தட்டையில் இருந்தும், சுவிட்ச்கிராஸில் இருந்தும் எத்தனால் எரிபொருள் எடுப்பதற்கான ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம் என்றார். சுவிட்ச்கிராஸ் என்பது அந்த நாட்டுப் புல்வெளிகளில் தானாக வளரும் உயரமான பல்லாண்டுப் புல். ஒரே நாளில் அது பத்திரிகைத் தலைப்பாகிவிட்டது. புல்லை எத்தனாலாக்க நினைப்பவருக்கும் மாட்டுக்கும் சிக்கல் ஒன்றுதான்: செல்லுலோஸைச் சர்க்கரையாக்க வேண்டும், லிக்னின் வழிவிட மறுக்கிறது. மாடு ஒதுக்கிவிடுகிறது. ஆலை ஒதுக்க முடியாமல் சூட்டையும் அமிலத்தையும் போட்டு வேகவைக்கிறது. செலவே அங்கேதான்.

2011இல் ஓக்லஹோமாவில் ஆர்ட்மோரில் இருக்கும் நோபிள் அறக்கட்டளை ஆய்வாளர்கள், சுவிட்ச்கிராஸில் அந்த சிஓஎம்டி மரபணுவின் குரலை அடக்கிப் பார்த்தார்கள். லிக்னின் ஓரளவுதான் குறைந்தது. எத்தனாலோ 38 சதவீதம் வரை கூடியது. வேகவைக்கும் கடுமையும் நொதிச் செலவும் குறைந்தன. பிறகு டென்னசியில் திறந்த வயலில் இரண்டு ஆண்டுகள் வளர்த்தபோதும் பலன் பெரும்பாலும் நிலைத்தது. லிக்னின் குறைந்தால் நோய் வந்து விழும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்; துருநோய் கூடுதலாகத் தாக்கவில்லை. ஃபுளோரிடாவில் கரும்பிலும் இதைச் செய்தார்கள். அளவோடு குறைத்தபோது கரும்பு தாக்குப்பிடித்தது. அதிகம் குறைத்த வகையில் விளைச்சல் விழுந்தது.

இந்த அளவு என்ற இடத்தில்தான் எனக்கு ஆர்வம். குதிரைமசாலில், அது புல் இல்லை, பயறுக் குடும்பம் என்றாலும் மாட்டுக்கு என்ன வந்தது, 2007இல் ஆய்வாளர்கள் ஃபாங் சென்னும் ரிச்சர்ட் டிக்சனும் இந்த வரிசையில் ஆறு நொதிகளை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். வரிசையின் நடுவில் கை வைத்த செடிகளில் லிக்னின் வெகுவாகக் குறைந்து சர்க்கரை ஏராளமாகக் கிடைத்தது. செடிதான் குட்டையாகிப் போயிற்று. முதுகெலும்பு போனால் நிற்க முடியாதுதானே என்று நாங்களெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தோம். 2014இல் பர்டியூவில் இருந்து வந்த ஓர் ஆய்வு எங்கள் வாயை அடைத்தது. அராபிடாப்சிஸ் என்ற சோதனைச் செடியில், லிக்னின் வேலை கெட்டுக் குட்டையாகிப்போன வகையை எடுத்து, மரபணுக்களுக்கு உத்தரவு கடத்தும் மீடியேட்டர் என்ற தொகுதியில் இரண்டு துண்டுகளை அவர்கள் முடக்கினார்கள். செடி எழுந்து நின்றுவிட்டது. லிக்னினும் ஏறக்குறைய முழுவதும் வேறு வகையாக மாறியிருந்தது. அப்படியானால் செடி குட்டையானது முதுகெலும்பு இல்லாததால் மட்டும் அன்று. சுவரில் ஏதோ கோளாறு என்று தெரிந்ததும் செடியே தன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டிருக்கிறது. வீட்டில் கடன் என்று தெரிந்ததும் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் அம்மாக்கள் மாதிரி.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வாளர் ஜான் ரால்ஃப் குழுவினர் போன வழி எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. அவர்கள் லிக்னினைக் குறைக்கப் போகவில்லை. அதன் பிணைப்புகளுக்கு நடுவே எளிதில் அறுந்துபோகும் சில கண்ணிகளைச் செருகினார்கள். அதற்கான மரபணுவைச் சீன மருந்துச் செடி ஒன்றில் இருந்து எடுத்துப் பாப்லார் மரத்தில் வைத்து 2014இல் காட்டினார்கள். மரம் வழக்கம்போல நின்றது. காரத்தில் போட்டதும் இலகுவாக அவிழ்ந்தது. இரண்டு ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தால் அதே வகைக் கண்ணிகள் பல செடிகளில், புற்களிலும்கூட, இயற்கையாகவே கொஞ்சம் இருக்கின்றன என்று தெரிந்தது.

காரம் என்றதும் என் வீட்டுப் பின்கட்டு நினைவுக்கு வருகிறது. புல்லின் செல் சுவரில் லிக்னினுக்கும் அதன் பக்கத்துச் சர்க்கரைச் சங்கிலிக்கும் நடுவே ஃபெரூலிக் அமிலம் பாலம் போட்டிருக்கிறது. காரம் பட்டால் அந்தப் பாலம் உடையும். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாயில் காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம். யூரியாவில் இருந்து அம்மோனியா வந்து வைக்கோலை இளக்கிவிடும். தார்ப்பாயைப் பிரிக்கிற அன்றைக்குத் தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா அந்த நாளில் எங்கள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். ஒரு நாள் ஆறவிட்டுப் போட்டால் மாடு தின்கிறது. மரபணு ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் லிக்னினோடு மல்லுக்கட்ட வழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். வாசனைக்கு நான் பொறுப்பில்லை.

எரிபொருள் பக்கம் என் மனம் அவ்வளவாகச் சாய்வதில்லை. நம் நாட்டிலும் இது தொடங்கியாயிற்று. பானிபட்டில் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலையின் திட்டம், ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் நெல் வைக்கோலில் இருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால். வகுத்துப் பார்த்தேன். ஒரு லிட்டருக்கு ஆறரை கிலோவுக்கு மேல் வைக்கோல். என் கலப்பினப் பசு ஒன்றின் ஒரு நாள் உலர்தீவனம் அது. பஞ்சாப், அரியானா பக்கம் வைக்கோலை வயலிலேயே கொளுத்திப் புகைமூட்டம் போடுகிறார்கள். அங்கே அந்த ஆலை நியாயம். இங்கே வைக்கோலைக் கொளுத்துகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஊர் சும்மா விடாது. வைகாசியில் ஒரு கட்டு வைக்கோலுக்கு எத்தனை வாசல் ஏறி இறங்குகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

வைக்கோல் வேண்டாம், தரிசில் எரிபொருள் புல் வளர்க்கலாமே என்பார்கள். உயிரெரிபொருள் பற்றிய கட்டுரைகளில் இந்தத் தரிசு என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். செட்டிநாட்டில் கிராமக் கணக்கில் தரிசு என்று எழுதியிருக்கும் செம்மண் மேட்டில் மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப் புல் முளைக்கும், ஊசிப்புல் முளைக்கும். ஊர் ஆடுகள் அதில்தான் வளர்கின்றன. பொங்கல் முடிந்து சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகும் காளைகளில் எத்தனையோ அந்தப் புல்லைத் தின்றவை. கணக்கில் பயிர் இல்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை ஏற்கெனவே சீமைக்கருவேல் பாதி பிடித்துக்கொண்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு லாரியில் ஏற்றுகிறார்கள். சொல்லப்போனால் எரிப்பதற்கு லிக்னின் நல்லது. செல்லுலோஸைவிட அதில் வெப்பம் கூடுதல். எத்தனால் ஆலைகள்கூட மிஞ்சும் லிக்னினைக் கொதிகலனில் போட்டுத்தான் நீராவி எடுக்கின்றன. அடுப்புக்கு வேண்டும், ஆலைக்கு வேண்டாம், மாட்டுக்கு வேண்டாம், தூணுக்கு வேண்டும். லிக்னினைக் குறைத்த செடியைப் பொதுவாக மேம்பட்டது என்று எழுதுகிறவர்கள் யாருக்கு என்றும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

தீவனத்துக்கு வருகிறேன். லிக்னின் குறைத்த மரபணு மாற்றக் குதிரைமசாலுக்கு 2014 நவம்பரில் அமெரிக்க வேளாண் துறை அனுமதி தந்தது. ஹார்வ்எக்ஸ்ட்ரா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதை விற்பவர்கள் பிடித்துக்கொண்டது செரிமானக் கணக்கை மட்டுமில்லை. அறுவடையை ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போட்டாலும் தரம் கெடாது என்பதைத்தான் அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் ஐந்து ஆண்டுகள் சீவிச் சீவிப் பார்த்த சிவப்புக்கு ஊர் மொழியில் இதுதான் பொருள். நாள். ஆள் கிடைக்காத வாரத்துக்கு ஒரு தவணை. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் இயந்திரம் ஓட்டுபவரைவிட, அரை ஏக்கருக்கு இரண்டு அரிவாளைத் தேடி மூன்று தெரு அலைபவருக்குத்தான் அந்தத் தவணை அதிகம் தேவை.

ஆனால் இந்தத் தவணை எந்தக் கையில் இருந்து வரும் என்று யோசித்தால்தான் சிக்கல். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கம்புக்குப் பதினான்கு குரோமோசோம், நேப்பியருக்கு இருபத்தெட்டு. இரண்டும் பாதிப் பாதி தந்து சேர்ந்தால் இருபத்தொன்று. ஒற்றைப்படைக் கணக்கில் வந்த பிள்ளை, விதை கட்டாது. தண்டுத் துண்டான கரணையை நட்டுத்தான் பெருக்க வேண்டும். மகரந்தம் காற்றில் பறந்து பக்கத்துக் காட்டுப்புல்லோடு கலந்துவிடும் என்பது மரபணு மாற்றப் புற்களைப் பற்றிய பெரிய அச்சம். சுவிட்ச்கிராஸுக்கு அது நியாயமான அச்சம். இந்தப் புல்லுக்கு அந்தப் பயமே குறைவு. லிக்னினில் கை வைப்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான புல் எங்கள் பக்கத்தில் கிடையாது என்பேன்.

கரணைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கை மாறிக்கொண்டே இருக்கும். என் வயலில் இருக்கும் புல் செட்டிநாட்டு அரசுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் இருந்து சித்தப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒரு கட்டில் இருந்து வளர்ந்தது. என்னிடம் இருந்து பள்ளத்தூருக்குப் போனது, கோட்டையூருக்குப் போனது, கொத்தமங்கலத்துக்குப் போனது. ஒருவரும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் கிழங்கு கொடுப்பதுபோல இது நடக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் இந்தக் கைகளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், வணிகப் பெயர் போடாமல் விதையைச் சேமிக்கவும் கொடுக்கவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. உரிமைத்தொகை கேட்கும் ஒரு புல் வந்து சேர்ந்தால் சித்தப்பாவின் சைக்கிள் கேரியர் குற்றவாளிக் கூண்டாகிவிடுமோ என்பது என் கவலை. மரபணுவைவிட அந்தக் கவலைதான் எனக்குப் பெரிது.

புதிய மரபணு எதையும் செருகாமல், இருக்கும் மரபணுவில் ஓர் எழுத்தை அழிப்பது அல்லது திருத்துவது என்ற வழி இப்போது திறந்திருக்கிறது. அந்நிய மரபணு எதுவும் இல்லாத அப்படிப்பட்ட பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளில் இருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அரசு ஆராய்ச்சி நிறுவனங்களே வெளியிட்டன. மினசோட்டாவில் தற்செயலாக நடந்த பழுதை இன்று குறிபார்த்து நடத்த முடியும். பொதுப்பணத்தில், பொது நிறுவனத்தில், கரணையாகக் கை மாறும்படி ஒரு புல் வந்தால் நான் முதல் ஆளாக நடுவேன். ஐப்பசி, கார்த்திகைக் காற்று மழைக்கு அது நிற்குமா என்பதை என் வயலில் பார்த்த பிறகே பிறருக்குக் கொடுப்பேன். 2018இல் கஜா புயல் போன பிறகு இந்தப் பக்கம் எதெல்லாம் படுத்துக் கிடந்தது என்பதைப் பார்த்தவள் நான். படுத்த புல்லை மண்ணோடு அறுத்துப் போட்டால் எவ்வளவு செரிமானம் இருந்து என்ன பயன்?

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தூண் மாதிரி நிற்கவும் வேண்டும், கீரை மாதிரி வேகவும் வேண்டும் என்கிறாயா என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் அப்பா, அந்த விஸ்கான்சின்காரர் அதைத்தான் செய்து பார்த்தார் என்றேன். “அப்படியா?” என்றார். நம்பின மாதிரி தெரியவில்லை.

நேற்று தேவகோட்டையில் இருந்து பெரியம்மா மகன் கரணை கேட்டு வந்திருந்தான். இரண்டு கணு விட்டு நூறு துண்டு வெட்டி, நனைத்த சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். சாக்குக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொல்வாரே கண்டக்டர் என்று சிணுங்கிக்கொண்டே பஸ் ஏறினான். வெட்டும்போது அரிவாளுக்குத் தண்டு முரண்டு பிடித்தது. கோயில் திருவிழா முடிந்து ஆட்கள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. இன்று காலை காடியில் இரண்டு கூடை தட்டை மிஞ்சியிருந்தது. புல்லுக்கு இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். நாளைக்கு வருவதாக இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.